ஆடிச் சனிக்கிழமைக்கு எந்தக் கோட்டை: பலனயா, மெதமகாநுவரயா, ஹல்துமுல்லயா?

எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். இருவர் கண்டி, ஒருவன் மாத்தளை, இருவர் பண்டாரவளை, ஒருத்தி கொழும்பிலிருந்து வர வேண்டும். ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமையை எல்லாரும் ஒதுக்கிவிட்டோம். மழை பெய்தாலும் போகவேண்டும், மலைமேல் பழைய கோட்டை ஒன்று இருக்கவேண்டும், இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும். இந்த மூன்று நிபந்தனைக்கும் உட்பட்டு மூன்று பெயர்கள் நின்றன. கடுகண்ணாவைக் கணவாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பலன. கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் பாதையில் மெதமகாநுவர. ஊவாவின் தெற்கு விளிம்பில் ஹல்துமுல்ல. மூன்றுக்கும் வெவ்வேறு காலங்களில் நான் போயிருக்கிறேன். அதனால்தான் ஒப்பிட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இதே கேள்வியோடு இருக்கும் வேறு கூட்டங்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மழையைப் பற்றிப் பேசிவிட வேண்டும். "மழைக்காலத்தில் மலை ஏறலாமா" என்று பொதுவாகக் கேட்டால் எங்கள் நாட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. எந்தப் பக்கத்து மலை, எந்த மாதத்து மழை என்று கேட்டால்தான் பதில் சொல்லலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவந்து மேற்குச் சரிவில் கொட்டுகிறது. வட்டவளைப் பக்கம் ஒரு வருட மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டுவது இதனால்தான். அதே காற்று முகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது ஈரம் வற்றி, வெறும் வேகம் மட்டும் மிஞ்சியிருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை எல்லாம் தலைகீழ்: வடகிழக்குக் காற்று பதுளை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கம் எல்லாவற்றையும் நனைக்கும், ஹட்டன் பக்கம் வெயில் அடிக்கும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்கத் தேவையில்லை. ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவது ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. மேற்குப் பக்கத்து டிம்புள்ளைத் தேயிலைக்கு அது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. காய்ந்த காற்று அடித்துக் கொழுந்து மெதுவாக வளரும்போதுதான் அந்த மணம் வரும். ஆகவே எந்தப் பக்கத்து ஃபெக்டரி நல்ல விலைக்குக் காத்திருக்கிறதோ, அந்தப் பக்கத்து மலை அந்த மாதத்தில் காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். என் தாத்தா கலண்டரைப் பார்க்காமலேயே இந்தக் கணக்கைச் சொல்வார். மலைப்பயணம் திட்டமிடும்போது நான் இன்றும் முதலில் போடுவது அந்தக் கணக்கைத்தான்.

இரண்டு பருவங்களுக்கும் நடுவில் வரும் மார்ச், ஏப்ரல், பிறகு ஒக்டோபர், நவம்பர் மாதங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், பகல் இரண்டு மணிக்குக் கறுக்கும், மூன்றுக்கு இடி விழும். கோட்டை என்றால் சுற்றிலும் எல்லாவற்றையும்விட உயர்ந்த இடம். மின்னலுக்கும் அதே இடம்தான் வசதி. பருவமழையில் நனையலாம், வழுக்கலாம், அட்டை கடிக்கலாம். ஆனால் அந்த மழை பெரும்பாலும் இடியில்லாமல், ஒரே சீராக, சொல்லிவைத்தாற்போல் பெய்யும். இடைப்பருவ மழை அப்படியில்லை. எனவே மழையில் நடக்க ஆசைப்படுகிறவர்கள் ஜூன், ஜூலையில் நடக்கட்டும். ஒக்டோபரில் கோட்டை ஏறும் யோசனையை விட்டுவிடுங்கள்.

இதை நான் அலகல்லவில் கற்றேன். பலனக் கோட்டைக்குப் பின்னால் எழும்பி நிற்கும் பெரிய மலைத்தொடர்தான் அலகல்ல. சில வருடங்களுக்கு முன் ஒக்டோபரில் நான்கு பேர் இஹல கோட்டே ஸ்டேஷனில் இறங்கி ஏறினோம். பன்னிரண்டரைக்குத் தெற்கே மேகம் திரண்டது. நான் திரும்புவோம் என்றேன். "மச்சான், இன்னும் இருபது நிமிஷம்தான்டா, இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்றான் ஒருவன். நானும் மறுத்துப் பேசவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே முதல் இடி. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணிப் பார்த்தேன், ஒன்பதைத் தாண்டவில்லை. மூன்று எண்ணுக்கு ஒரு கிலோமீற்றர் என்று கணக்கு. அப்படியென்றால் இடி மூன்று கிலோமீற்றருக்குள் இருக்கிறது. முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டாலே திறந்த வெளியில் நிற்கக்கூடாது. பிறகு இறங்கிய இறக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஏறிய பாதை ஒரு மணி நேரத்தில் ஓடையாகிவிட்டது. ஒருவனுக்குக் கணுக்கால் பிசகி, அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு நாங்கள் ஸ்டேஷனுக்கு வந்தபோது ஏழரை. டோர்ச் ஒன்றுதான் இருந்தது.

அன்றிலிருந்து இடம் தேர்வதற்கு என் அளவுகோல் மாறிவிட்டது. "எவ்வளவு உயரம், எவ்வளவு அழகு" என்று பார்ப்பதை விட்டுவிட்டு, பாதி வழியில் திரும்பினால் அந்த நாள் வீணாகுமா என்று பார்க்கிறேன். வீணாகாத இடமென்றால் யாரும் "இன்னும் இருபது நிமிஷம்" என்று கெஞ்சமாட்டார்கள். கூட்டமாகப் போகும்போது ஆபத்து அந்தக் கெஞ்சலில்தான் இருக்கிறது. மூன்று கோட்டைகளையும் இனி இந்தக் கண்ணால்தான் பார்க்கப் போகிறேன்.

பலனவில் தொடங்குகிறேன்.

சிங்களத்தில் "பலன" என்றால் பார்க்கின்ற. பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் படை இந்தக் கணவாயில்தான் ஏற வேண்டும். ஏறுகிறவனைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. 1594-இல் பெத்ரோ லோபெஸ் டி சூசாவின் போர்த்துக்கீசப் படை இந்த வழியாகத்தான் கண்டிக்குள் புகுந்தது. புகுந்தது சுலபம், வெளியேறத்தான் முடியவில்லை. அதே வருடம் ஒக்டோபரில், இங்கிருந்து அதிகத் தூரமில்லாத தந்துரேயில், கண்டி அரசன் விமலதர்மசூரியனின் ஆட்கள் அந்தப் படையை அழித்தார்கள். 1603-இல் ஜெரோனிமோ டி அசெவெடு என்ற போர்த்துக்கீசத் தளபதி மறுபடி வந்து பலனவைப் பிடித்தார். ஆனால் கூட வந்த உள்ளூர்ச் சிப்பாய்கள் கட்சி மாற, வழி நெடுகச் சண்டை போட்டபடி கீழ்நாட்டுக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. அந்தக் காலத்துத் துவக்குக்குத் திரி எரிந்துகொண்டே இருக்க வேண்டும். திரி நனைந்தால் துவக்கும் வெறும் தடிதான். மழையும் மூடுபனியும் அட்டையும் காய்ச்சலும் கண்டி அரசர்களுக்குச் சம்பளம் கேட்காத காவல்படை. ஆகவே இந்தக் கோட்டையைச் சுள்ளென்ற வெயிலில் பார்ப்பதைவிட மழையில் பார்ப்பதுதான் அதைச் சரியாகப் பார்ப்பது என்பது என் உறுதியான எண்ணம். ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனியில் அந்தச் சுவர்த்தடத்தின் ஓரம் நின்றால், கீழிருந்து பாரத்தோடு ஏறிவந்தவன் எதற்குப் பயந்தான் என்று உடம்புக்கே விளங்கும்.

கோட்டையில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். கல் அடித்தளங்கள், மண்மேடு, சுவர் போன தடம். காலி நகரத்துப் பெரிய கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர் ஏமாந்துபோவார். பலனவின் அருமை அதைச் சுற்றி இருக்கிறது. ஒரே கணவாயை மூன்று காலத்தவர்கள் எப்படி ஏறினார்கள் என்பதை ஒரே நாளில், நடந்தே பார்க்கலாம். மேலே கோட்டை. கணவாயில் பிரித்தானியர் போட்ட பாதை, அதன் ஓரத்தில் குடைந்த பாறை, பாதையைப் போட்ட கப்டன் டோசனின் நினைவாக 1832-இல் எழுப்பிய கோபுரம். பிறகு, 1867-இல் கண்டிக்கு ஓடத் தொடங்கிய ரயில். ரம்புக்கனையிலிருந்து ஏறும் அந்தப் பாதை, மிகச் செங்குத்தான இடங்களில் ஏறக்குறைய 45 அடிக்கு ஓரடி உயர்கிறது. இந்தப் பாதைகளில் நம் முன்னோரின் வியர்வையும் இருக்கிறது. கோச்சியின் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்க்கும்போது இதை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

நடைமுறையிலும் பலன வசதி. பலன என்ற பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. கடுகதி ரயில் நிற்காது, சாதாரண ரயிலில்தான் வரவேண்டும். கொழும்புத் தோழிக்கு வாகனச் செலவே இல்லை, மூன்றாம் வகுப்பு டிக்கெட் போதும். ஸ்டேஷனில் இருந்து கோட்டைக்கு நடந்தே ஏறலாம். வழியில் வீடுகள் இருக்கின்றன. வீடு இருந்தால் ஒதுங்கக் கூரை இருக்கிறது, வழி கேட்க ஆள் இருக்கிறார், அடிபட்டால் ஆட்டோ பிடித்துத்தர ஒருவர் வருவார். காட்டுக்குள் ஓடும் பாதையைவிட ஊருக்குள் ஓடும் பாதை மழைநாளில் எத்தனையோ மடங்கு பாதுகாப்பு. எங்களில் ஒருத்தி டீச்சர். முழங்கால் வலியோடு வருகிறாள். அவளால் ஏற முடிந்த மட்டும் ஏறி, முடியாவிட்டால் கடுகண்ணாவைக்குப் போய் ரயில்வே நூதனசாலையில் பழைய எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருக்கலாம். 2014 கடைசியில் திறந்த இடம் அது. கூரைக்குக் கீழே இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

குறை என்றால் அட்டை. ஜூலையில் பலனப் பக்கம் அட்டை இல்லாத ஒற்றையடிப் பாதை கிடையாது. இன்னொன்று, மூடுபனி இறங்கினால் காட்சி முழுக்கப் போய்விடும். வானம் திறந்தால் அலகல்ல, பைபிள் ரொக் என்று சொல்லும் பத்தலேகல, மாவனெல்லைப் பக்கம் சரதியலின் உதுவன்கந்த எல்லாம் தெரியும். பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தான் என்று ஊர்கள் இன்றும் பேசும் சரதியலை 1864-இல் தூக்கிலிட்டார்கள். அவனோடு தூக்குமேடை ஏறியவன் அவன் கூட்டாளி மம்மலே மரிக்கார். ஜூலையில் இந்தக் காட்சி அரை மணி நேரம் திறந்தாலே யோகம். திறக்காமலும் போகலாம். படம் எடுக்கத்தான் போகிறோம் என்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

"பலன வரைக்கும் போனா அலகல்லவையும் சேத்து ஏறிடலாமே" என்று மாத்தளைக்காரன் எழுதியிருந்தான். வேண்டாம். அது தனியாக ஒரு நாள் கேட்கும் மலை, அதுவும் காய்ந்த நாள். ஈரத்தில் அந்தப் பாறைகள் சோப்புத் தேய்த்த மாதிரி. ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

மெதமகாநுவரவைப் பற்றி எழுதும்போது என் மனம் ஒரு பக்கமாகச் சாய்வதை மறைக்க மாட்டேன். கண்டி நகரம் எதிரி கையில் விழுந்தபோதெல்லாம் அரசர்கள் ஒதுங்கிய மலைக்கோட்டைகளில் இதுவும் ஒன்று. கடைசியாக ஒதுங்கியவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்க வம்சத்துக் கண்ணுசாமி. 1815 பெப்ரவரி 18-ஆம் திகதி இந்தப் பக்கத்துப் பொமுரே என்ற ஊரில், தஞ்சம் புகுந்திருந்த வீட்டில் அவரைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இல்லை, பிரித்தானியர் பக்கம் சேர்ந்திருந்த சிங்களத் தலைவர் எக்னெலிகொட நிலமேயின் ஆட்கள். இரண்டு வாரத்தில், மார்ச் 2-ஆம் திகதி, கண்டி அரசைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம். அடுத்த வருடம் அவரைக் கப்பலேற்றினார்கள். 1832 ஜனவரியில் அவர் இறந்தது வேலூரில். பாலாற்றங்கரையில் அவருடைய நினைவிடமான முத்துமண்டபம் இருக்கிறது. ஒரு கோட்டையில் தொடங்கிய ஓட்டம் இன்னொரு கோட்டைக்குள் முடிந்தது. தமிழ் பேசும் ஒருவருக்கு மலையகத்தில் ஒரே ஒரு கோட்டைதான் காட்டலாம் என்றால் நான் இங்கேதான் கூட்டிப்போவேன்.

ஆனால் ஆடியில் கூட்டிப்போக மாட்டேன். தென்மேற்கு மழை இங்கே மேற்குச் சரிவில் போல் கொட்டாது, அது உண்மை. அதற்குப் பதிலாகக் காற்றும் மூடுபனியும் வரும். உச்சியை நெருங்கும்போது பாறை செங்குத்தாக நிமிரும். காய்ந்த நாளில் கையும் காலும் ஊன்றி ஏறிவிடலாம். ஈரமும் காற்றும் சேர்ந்தால் ஏறினவனை இறக்குவது பெரும்பாடு. அதைவிட முக்கியம், பாதி வழியில் திரும்பினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. மலையின் கதை உச்சியில் இருக்கிறது, அடிவாரத்தில் இருப்பது பொமுரே நினைவிடம் மட்டும். "இன்னும் இருபது நிமிஷம்" என்ற குரல் எழும்புவதற்கு இதைவிடப் பொருத்தமான இடமில்லை. ஒன்றைச் சொல்கிறேன்: நான் போனது மார்ச் முதல் வாரம். தெல்தெனியைத் தாண்டியதும் விக்டோரியா நீர்த்தேக்கம் கீழே விரிந்து கிடந்தது. உச்சியில் காற்றே இல்லை. அரசன் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான் என்று ஒவ்வொரு பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அன்று மழையும் மூடுபனியும் இருந்திருந்தால் அந்தப் பார்வை கிடைத்திருக்காது. பலனவுக்கு மூடுபனி பொருந்தும். மெதமகாநுவரவுக்குத் திறந்த வானம் வேண்டும்.

பஸ் விஷயம்: கண்டியிலிருந்து மஹியங்கனைப் பாதையில் பஸ் இருக்கிறது, போவது சிரமமில்லை. திரும்பும்போது நனைந்த ஆறு பேர், நனைந்த பைகளோடு, சாயங்காலம் நிரம்பி வரும் பஸ்ஸில் தொங்க வேண்டும். வேன் பிடித்தால் செலவு கூடும்.

ஹல்துமுல்ல முழுக்க வேறு மாதிரி. கொழும்பிலிருந்து பலாங்கொடை, பெலிஹுல்ஓயா வழியாக மட்டக்களப்புக்குப் போகும் பெரிய பாதையில், பெரகலைச் சந்திக்கு முன்னால் வரும் சிறிய ஊர். மேலே குன்றில் கட்டுகொடெல்ல என்ற சிறு கோட்டையின் கருங்கற்சுவர்கள் நிற்கின்றன. ஊர்க்காரர்கள் போர்த்துக்கீசக் கோட்டை என்றே சொல்கிறார்கள். ஏற்றம் குறைவு. டீச்சரும் முழுக்க ஏறிவிடலாம். அங்கிருந்து தெற்கே மலை சட்டென்று முடிந்து, கீழ்நாடு ஒரு பாய் மாதிரி விரியும். ஜூலையில் மூன்றில் இங்கேதான் காட்சி நிச்சயம். கிழக்கே கொஸ்லந்தை தாண்டி, வெல்லவாயப் பக்கம் ரந்தெனிவெல இருக்கிறது. கொன்ஸ்தந்தீனு டி சா என்ற போர்த்துக்கீச ஜெனரல் 1630 ஓகஸ்டில் பதுளையை எரித்துவிட்டுத் திரும்புகையில் படையோடு மாண்ட இடம்.

பண்டாரவளைக்காரர்கள் இருவரும் இதற்குத்தான் வாக்களித்தார்கள், வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மட்டுமில்லை. மழையில்லை, அட்டை குறைவு, காட்சி உண்டு, ஏறி இறங்கிய பிறகு ஹப்புத்தளையில் சூடாக ரொட்டி சாப்பிடலாம். எல்லாம் சரிதான். எதிர்ப்பக்கம் வைக்க என்னிடம் இருப்பது காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை அந்த விளிம்பில் நின்றால்தான் நம்பலாம். போன தடவை குன்றடியில் விறகு கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா எங்களை நிறுத்தினார்.

"எங்கய்யா போறீங்க இந்தக் காத்துல?"

"கோட்டை பாக்கத்தான் அக்கா."

"பாருங்க, வேணாங்கல. ஆனா ஓரத்துக்குப் போகாதீங்க. குடைய விரிச்சீங்கன்னா ஒங்களையும் சேத்துத் தூக்கிரும்."

அவர் சொன்ன மாதிரியே இருந்தது. குடையை மடக்கி வைத்துவிட்டுக் குனிந்துதான் நின்றோம். ஆனாலும் காற்று, இடி மாதிரி திடீரென வருவதில்லை. காலையிலேயே தன் பலத்தைச் சொல்லிவிடும். ஓரத்தை விட்டு உள்ளே நின்றால் போதும். திரும்ப வேண்டுமென்றால் பாதையும் சின்னது. என் அளவுகோலில் ஹல்துமுல்ல தேறிவிடுகிறது.

இந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் தாண்டக்கூடாது. இதே ஹல்துமுல்ல பிரிவில்தான் மீரியபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன் வீட்டு வரிசைகளை மூடியது. நம்மவர்கள் உள்ளே இருந்தார்கள். ஊவாவுக்கு மழை வரும் மாதம் அது. ஜூலையில் பளிச்சென்று இருக்கும் இதே சரிவு ஒக்டோபர் கடைசியில் என்ன செய்யும் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். அந்த மாதத்தில் ஹல்துமுல்லைக்கோ கொஸ்லந்தைக்கோ பொழுதுபோக்காகப் போவதை நான் தவிர்க்கிறேன். அங்கே இருக்கிறவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் இருக்கும் இரவுகள் அவை.

வேறு இரண்டு யோசனைகளும் வந்தன. சீகிரியா: ஜூலையில் மழையில்லாமல் ஏறலாம், மத்திய மாகாணத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் படிவரிசையில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறுவதை மலைநடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காற்றுக்காலத்தில் குளவிப் பயமும் உண்டு. மாத்தளை நகருக்குள் இருக்கும் மெக்டொவல் கோட்டை, 1803-இல் பிரித்தானியர் கட்டியது. வாசலும் சுவரின் ஒரு பகுதியும் நிற்கின்றன, உள்ளே கல்லறைகள். ஏற்றமே கிடையாது, அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஆனாலும் இதைக் கைவசம் வைத்திருக்கிறேன். சிவப்பு எச்சரிக்கை வந்து எல்லா மலையும் மூடினால், மாத்தளைக்குப் போய் அந்த வாசலைப் பார்த்து, முத்துமாரியம்மனைக் கும்பிட்டு, நண்பன் வீட்டில் சாப்பிட்டுத் திரும்பலாம். மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்துவந்த நம் ஆட்கள் மலையைத் தொட்ட ஊர் அது. 2023-இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு வருடமான நினைவாகத் தலைமன்னாரிலிருந்து நடந்தவர்கள் நடையை முடித்ததும் அங்கேதான். வெறும் மாற்று ஏற்பாடு என்று அதைச் சொல்ல மனம் வரவில்லை.

இனி முடிவு. காட்சியும் காய்ந்த காலுமே முக்கியம் என்றால் ஹல்துமுல்ல. சிறு பிள்ளைகளோ வயதானவர்களோ கூட வந்தாலும் ஜூலையில் ஹல்துமுல்லதான். எங்கள் ஆறு பேரின் ஆசை அதுவல்ல. நாங்கள் மழையில் நடக்கக் கிளம்புகிறோம். கொழும்புத் தோழி மழையில் ஊறிய மண்வாசனையைக் கேட்டே இரண்டு வருடமாகப் புலம்புகிறாள். அதனால் என் வாக்கு பலனவுக்கு. பாதியில் திரும்பினாலும் கணவாய் இருக்கிறது, டோசன் கோபுரம் இருக்கிறது, நூதனசாலை இருக்கிறது, கோச்சிப் பயணமே தனியாக ஓர் அனுபவம். பண்டாரவளைக்காரர்கள் வெள்ளி இரவே கண்டிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கட்டும், பாய் போதுமான அளவு இருக்கிறது. மெதமகாநுவரவைப் பெப்ரவரி கடைசிக்கு எடுத்துவைக்கிறேன். வடகிழக்கு மழை ஓய்ந்துவரும் நேரம், அரசனைப் பிடித்த நாளும் அதை ஒட்டித்தான் வருகிறது. பொமுரேயில் நின்றுவிட்டு மலை ஏறுவது சரியாக இருக்கும்.

பலன என்றால் சில ஏற்பாடுகள் கண்டிப்பு. 2025 நவம்பரில் அடித்த டிட்வா புயல் மலையகத்தின் பாதைகளையும் தண்டவாளத்தையும் பல இடங்களில் பிய்த்துப்போட்டது. அதற்கு முன்பு போன அனுபவத்தை, என்னுடையதையும் சேர்த்து, நம்பிப் புறப்படக்கூடாது. சாதாரண ரயில் பலன வரை ஓடுகிறதா என்று கண்டி ஸ்டேஷனில் முதல் நாளே கேட்பது என் பொறுப்பு. ஓடாவிட்டால் கடுகண்ணாவை வரை பஸ், பிறகு ஆட்டோ. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தலை வெள்ளி இரவும் சனி காலையும் பார்ப்போம். கண்டி, கேகாலை இரண்டு மாவட்டத்தையும் பார்க்க வேண்டும், கணவாய் எல்லையில் இருக்கிறது. மஞ்சள் என்றால் கணவாய்ச் சரிவுகளில் நிற்காமல் ஊர்ப்பாதையில் மட்டும் நடப்போம். அதற்கு மேல் போனால் பயணமே இல்லை, மாத்தளைதான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸின் 1990 இரண்டையும் எல்லாரும் போனில் போட்டுவையுங்கள். போனைச் சொப்பிங் பேக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி வையுங்கள்.

அட்டைக்குப் பெரிய மருந்தெல்லாம் தேவையில்லை. காற்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டுக் கட்டுங்கள், அதன்மேல் காய்ந்த சவர்க்காரத்தை நன்றாகத் தேயுங்கள். அம்மாமார் கொழுந்து மலைக்குப் போகுமுன் செய்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். கடித்தால் பிய்க்க வேண்டாம், உப்பு வைத்தால் தானாக விழும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்படத் தேவையில்லை. பாட்டாவோடு யாரும் வரவேண்டாம், அடிப்பாகம் தேயாத சப்பாத்து வேண்டும். ஆளுக்கொரு டோர்ச், மாற்று உடுப்பு ஒன்று. குடை வேண்டாம், இரண்டு கையும் வெறுமையாக இருக்க வேண்டும், மழைக்கோட் எடுங்கள்.

கோட்டையில் ஒரு கல்லையும் நகர்த்தக்கூடாது, சுவர்மேல் ஏறக்கூடாது. தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940-இலிருந்து இருக்கிறது என்பது ஒரு காரணம். புதையல் தேடுகிறவர்கள் தோண்டித் தோண்டி இந்த நாட்டில் எத்தனை இடங்களை அழித்துவிட்டார்கள் என்பது பெரிய காரணம். நானூறு வருட மழையில் கரைந்து மிஞ்சிய அந்த நாலு வரிசைக் கல்லைப் பார்க்கத்தான் நாம் போகிறோம்.

எங்கே நின்றாலும் பகல் ஒரு மணிக்குத் திரும்புகிறோம். இதை இப்போதே, வீட்டுத் திண்ணையில் காய்ந்த துணியோடு இருக்கும்போதே எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கே போய் வாக்கெடுப்பு கிடையாது. யாராவது ஒருவர் திரும்புவோம் என்றால் ஆறு பேரும் திரும்புகிறோம். டீச்சர் சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி.

சாப்பாடு அம்மா பொறுப்பு எடுத்துக்கொண்டார். தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் ஆறு பார்சல், பிளாஸ்க்கில் இஞ்சி போட்ட பிளேன்டீ. சரி என்கிறவர்கள் வியாழனுக்குள் சொல்லுங்கள், அவர் தேங்காய் வாங்க வேண்டும்.